நாட்டுக்கோழிக்குக் கூடு: தாராபுரம் பக்கம் கட்டிப் பார்த்த அனுபவம்

கூண்டு வாங்குவதா, கூடு கட்டுவதா? முதலில் இதைத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. கடைகளில் கிடைக்கும் இரும்புக் கூண்டுகளில் பெரும்பாலானவை காடைக்கும் பண்ணைக்கோழிக்கும் ஏற்றவை. தரை முழுவதும் கம்பி. கோழி தலை நிமிர்ந்தால் இடிக்கும் உயரம். நான் வளர்ப்பது சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகை. பகலெல்லாம் தென்னந்தோப்பில் கிளறிவிட்டு, பொழுது சாய்ந்ததும் உயரமான இடம் தேடி ஏறி உட்காருகிற கோழி. அதைக் கம்பித் தரையில் இரவெல்லாம் நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

அளவு 8 அடிக்கு 4 அடி. இரவில் மட்டும் அடைகிற கோழிக்குத் தலைக்கு 2 சதுர அடி என்ற கணக்கில் 15 கோழிகள் தாராளமாக அடையும். ஆள் நிமிர்ந்து நுழையும்படி கதவு வைத்தேன். குனிந்து கைவிட்டுக் கூட்டும் கூட்டை எவரும் ஒழுங்காகக் கூட்டுவதில்லை.

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. அப்படி இருந்தால்தான் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் படும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் எங்கள் ஊரை உலுக்கி எடுக்கும். எனவே மேற்குச் சுவரை மட்டும் ஹாலோ பிளாக் கல்லால் கூரை வரை எழுப்பினோம். வெயிலையும் காற்றையும் அது ஒன்றே தடுத்துவிடுகிறது. வடக்கிலும் தெற்கிலும் ஒன்றரை அடிச் சுவர், அதற்கு மேல் கூரை வரை வலை. "கோழிக்கு இவ்வளவு பெரிய சன்னலா, தம்பி?" என்று கொத்தனார் அண்ணன் கேட்டார். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது உடல் சூட்டைத் தணிக்கிறது. பங்குனி, சித்திரை இரவுகளில் அடைத்த சுவருக்குள் அது படும் பாட்டைப் பார்த்தவர்கள் சன்னலைக் குறைக்கச் சொல்ல மாட்டார்கள்.

செலவில் பெரும்பகுதி வலைக்குத்தான் போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. அறுகோணக் கண் உள்ள கோழிவலை மலிவு. அது கோழி வெளியே போகாமல் காக்கும், அவ்வளவுதான். மரநாய் கண் வழியாகவே கோழியின் காலைக் கவ்வி இழுத்துவிடும். மெல்லிய கம்பியைப் பெருச்சாளி கடித்துப் பிரித்துவிடும். அதனால் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த வலை, போட்டேன். வலையின் ஓரத்தைக் கட்டுக்கம்பியால் மட்டும் கட்டினால் போதாது. விலங்குகள் பிடித்து இழுப்பது ஓரத்தைத்தான். இரும்புச் சட்டத்தில் வலையை வைத்து, மேலே ஒரு பட்டை கொடுத்து, போல்ட் போட்டு முறுக்கினோம். சுவரைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு அதே வலையை மண்ணுக்கடியில் படுக்கவைத்து மூடியிருக்கிறோம். தோண்டும் விலங்கு சுவரின் அடியிலிருந்துதான் தோண்டத் தொடங்கும். தொடங்கிய இடத்திலேயே வலை தட்டும். கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள், கதவடியில் விரல் நுழையாத இடைவெளி. இப்போது நாள்தோறும் காலையில் சுவரோரம் கீரியின் கால்தடம் தெரிகிறது. உள்ளே ஒரு குஞ்சுக்கும் சேதமில்லை.

வெளியிலிருந்து வரும் எதிரியைப் போலவே உள்ளே குடியிருக்கும் உண்ணியும் பொல்லாதது. பகலில் விரிசலிலும் மரப்பொந்திலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். கோழியின் கொண்டை வெளுத்துப்போன பிறகுதான் பலருக்குத் தெரியவரும். எனவே உட்சுவரை வழவழப்பாகப் பூசி வெள்ளையடித்தோம். மூங்கில் வெடித்து உண்ணிக்கு இடம் கொடுக்கும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டேன். கோழிகள் ஏறி உட்கார இரண்டு அங்குலத் தடிமனில் வேப்பங்கழிகள். ஆணி அடிக்காமல் இரும்புக் கொக்கியில் செருகியிருப்பதால், கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் போட முடிகிறது. எல்லாக் கழிகளும் ஒரே உயரம். ஒன்று உயர்ந்திருந்தாலும் அந்த இடத்துக்கு இரவில் அடிதடி நடக்கும்.

கூரை துத்தநாகம் பூசிய தகடு. சூட்டைத் தணிக்க அதன்மேல் தென்னங்கீற்று பரப்பியிருக்கிறோம். தெற்கிலும் வடக்கிலும் இரண்டரை அடி இறவாரம். ஐப்பசிச் சாரலுக்கு வடக்கில் சுருட்டிவிடும் தார்ப்பாய்.

தரை சிமெண்ட். அதன்மேல் தென்னை நார்த்தூளும் கடலைத் தோலும் கலந்து நான்கு அங்குலம். நார்த்தூள் ஈரத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும். கோழிகளை வெளியே விட்ட பிறகு வாரம் ஒருமுறை கிளறிவிடுகிறேன். விடியலில் கோழியின் உயரத்துக்குக் குந்தி மூச்சிழுத்துப் பார்ப்பேன். மூக்கில் அமோனியா நெடி ஏறினால் கூளம் ஈரமாகிவிட்டது என்று பொருள். நிற்கிற ஆளின் மூக்குக்கு அது எட்டாது.

முட்டையிடக் கழிகளுக்குக் கீழே, இருட்டு மூலையில் கூடைகள். கூடை கழியைவிட உயரத்தில் இருந்தால் கோழிகள் அதிலேயே தூங்கி எச்சமிட்டுவிடும். அடைக்கு வைக்கும் கூடையை அம்மாயி (அம்மாவின் அம்மா) தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மணல் பரப்பி, இடிக்குக் காவலாக ஒரு கரித்துண்டும் இரும்புத் துண்டும் போட்டு வைத்தார். 21ஆம் நாள் குஞ்சுகள் பொரிந்தன. இப்போது தாயோடு பஞ்சாரத்தில், அதாவது கவிழ்த்து வைக்கும் கூடையில், இருக்கின்றன.

அடுத்த வேலை, கூட்டுக்குத் தெற்கே மேலேயும் வலை போட்ட சிறு அடைப்பு. பருந்துக்குப் பயந்து குஞ்சுகளை எத்தனை நாள் பஞ்சாரத்திலேயே வைப்பது? ஒரு மூலையில் மண்ணும் சாம்பலும் கொட்டிப் புழுதிக் குளியலுக்கு இடம் விட வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி பாக்கியிருக்கிறது. இருட்டில் கழியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கோழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் அடைத்து, விடிந்ததும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன்.