ரீலின் பெயில் ஸ்பிரிங்கை நானே மாற்றிய அனுபவம்

முட்டுக்காடு முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்காக லூர் எனும் செயற்கை இரையை எறிந்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில், வீச்சின் நடுவிலேயே என் தூண்டிலில் உள்ள ஸ்பின்னிங் ரீலின் பெயில் தானாக மூடிக்கொண்டது. எறியும்போது திறந்து நரம்பை ஓடவிட்டு, சுற்றும்போது மூடி அதை ரீலில் சுற்றவைக்கும் வளைந்த கம்பிதான் பெயில். பாய்ந்து போய்க்கொண்டிருந்த தூண்டில் நரம்பு சட்டென்று தடைபட்டு அறுந்தது. லூர் மட்டும் தனியே பறந்து தண்ணீரில் விழுந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே, கைப்பிடியைச் சுற்றினாலும் பெயில் முழுதாக மூடாமல் பாதியில் நிற்பதைக் கவனித்திருந்தேன். உப்பு படிந்திருக்கும், கழுவி எண்ணெய் விட்டால் போதும் என்று எண்ணித் தள்ளிப்போட்டுவிட்டேன்.

இரண்டு கோளாறுகளுக்கும் ஒரே ஸ்பிரிங்தான் காரணம் என்பது கழற்றிப் பார்த்தபோது விளங்கியது. பெயிலைக் கையால் திறக்கும்போது ஸ்பிரிங்கின் அழுத்தம் ஒரு நடுப்புள்ளியைத் தாண்டி மறுபக்கம் சாய்ந்து, அதைத் திறந்த நிலையிலேயே பிடித்து வைக்கிறது. கைப்பிடியைச் சுற்றியதும் ரோட்டரில் (கைப்பிடியோடு சேர்ந்து சுழலும் பாகம்) உள்ள சிறு நெம்புகோல் ரீலின் உடலில் இருக்கும் மேட்டில் இடித்து, பெயிலை அந்தப் புள்ளிக்கு இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. மீதி வேலையை அதே ஸ்பிரிங் முடிக்கிறது. எனவே அது தளர்ந்துவிட்டால் பெயில் உறுதியாகத் திறந்தும் நிற்காது, முழுமையாக மூடவும் செய்யாது.

அந்த மாடலுக்கு உதிரி பாகம் கிடைக்காது, புதிது வாங்குவதே நல்லது என்று பழுது பார்ப்பவர் சொன்னார். ஆறு ஆண்டுகள் கையில் பழகிய 4000 அளவு ரீல் அது. கியரும், மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக்கும் குறையில்லாமல் இருக்கையில் ஒரு துண்டுக் கம்பிக்காக அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

டிராக் குமிழைத் தளர்த்தி நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலை எடுத்துவிட்டேன். பெயிலைத் தாங்கும் கையான பெயில் ஆர்மைப் பிடித்திருந்த திருகு உப்பில் இறுகியிருந்ததால், துரு இளக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, இரவு முழுவதும் ஊறவைத்து, தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் மறுநாள் கழற்றினேன். திருகு விடுபடும் நேரத்தில் ஸ்பிரிங் தெறித்து ஓடிவிடும் என்பதால் ரீலையும் கைகளையும் ஒரு பெரிய கண்ணாடிக் கவருக்குள் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பாகத்தையும் எடுப்பதற்கு முன் கைபேசியில் படம் பிடித்தது பிறகு மிகவும் உதவியது.

பழைய ஸ்பிரிங்கின் ஒரு கால், அதாவது சுருளிலிருந்து நீளும் முனை, வளைவில் துருப்பிடித்து மெலிந்து, விரிந்துபோயிருந்தது. அதைக் குறடால் வளைத்து நிமிர்த்தி மாட்டினேன். இரண்டு முறை கடற்கரைக்குப் போய் வந்ததும் அதே வளைவில் ஒடிந்துவிட்டது. அடுத்து, கடையில் 0.8 மி.மீ. கம்பித் தடிமன், கால் நீளம் எல்லாம் ஒத்திருந்த ஒன்றை வாங்கினேன். ஆனால் அது எதிர்த்திசையில் சுற்றப்பட்டது என்பதை நான் பார்க்கவில்லை. இத்தகைய ஸ்பிரிங் வேலை செய்யும்போது அதன் சுருள்கள் இறுக வேண்டும். என்னுடையதோ பெயிலைத் திறந்தபோது விரிந்தது, சில நாள்களிலேயே தொய்ந்துவிட்டது. கடைசியில், ரீல் பெட்டியில் வந்த பாக வரைபடத் தாளில் இருந்த எண்ணைக் கொடுத்து இணையத்தில் இரண்டாக வாங்கினேன். வந்து சேர மூன்று வாரங்கள் ஆயின.

ஸ்பிரிங்கின் ஒரு காலை ரோட்டரின் துளையிலும், மற்றொன்றைப் பெயில் ஆர்மின் துளையிலும் செருகி, ஆர்மைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே திருகை முடுக்க வேண்டும். எனக்கு நான்காவது முயற்சியில்தான் கைகூடியது. அப்போதும் பெயில் சற்று மந்தமாகவே மூடியது. எதிர்ப்பக்க அச்சைக் கழற்றியபோது, காய்ந்த கிரீசும் மணலும் அங்கே அடைத்திருந்தது தெரிந்தது. புது ஸ்பிரிங்கின் வலுவில் பாதியை அந்த அழுக்கே தின்றுகொண்டிருந்தது. அதைத் துடைத்து, கடல்நீருக்கேற்ற கிரீசை மிக மெல்லியதாகப் பூசிய பிறகு, ஸ்பூல் இல்லாமலேயே முப்பது முறை திறந்து மூடிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று சுத்தமாக மூடியது.

அடுத்த ஞாயிறு அதே முகத்துவாரத்தில் ஒரு காலை முழுவதும் எறிந்தேன். பெயில் ஒருமுறைகூடத் தானாக மூடவில்லை. இப்போது லூர் விழுந்ததும் பெயிலைக் கையாலேயே மூடுகிறேன். ஸ்பிரிங்குக்கும் நெம்புகோலுக்கும் அடி குறைகிறது. நரம்பு தொய்வாகச் சுற்றி முடிச்சு விழுவதும் குறைந்திருக்கிறது. இரண்டாவது ஸ்பிரிங் எண்ணெய்த் தாளில் சுற்றித் தூண்டில் பெட்டியில் இருக்கிறது.