சண்டை குறைந்த பேட்மேன்

2016இல் புதிய முதல் இதழுடன் தொடங்கிய பேட்மேன் காமிக்ஸ் தொடரை எழுத்தாளர் டாம் கிங் 85ஆம் இதழ் வரை எழுதிய காலத்தில், அடிதடியை எதிர்பார்த்துக் காசு கொடுத்தவர்களும் முகமூடிக்குள் இருக்கும் மனிதனைக் காண விரும்பியவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தனர். நான் இரண்டாவது கட்சி.

51 முதல் 53 வரையிலான இதழ்களில், வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் மீதான கொலை வழக்கில் ஜூரியாக அமரும் புரூஸ் வெய்ன் (பேட்மேனின் நிஜப் பெயர்), பேட்மேனாகத் தான் திரட்டிய சாட்சியத்தையே நம்ப வேண்டாமென மற்ற ஜூரிகளிடம் வாதாடுகிறார். கதையின் பெரும்பகுதி ஒரு மூடிய அறைக்குள், ஒரு மேசையைச் சுற்றியே நடக்கிறது. எந்தக் குத்தும் தராத நடுக்கத்தை தன் சாட்சியத்தையே சந்தேகிக்கும் அவருடைய குற்ற உணர்வு எனக்குத் தந்தது.

ஆனால், 2018 ஜூலையில் வெளியான 50ஆம் இதழில் பேட்மேனுக்குத் திருமணம் என்று பெரிதாக விளம்பரப்படுத்திவிட்டு, மணமகளை வரவிடாமல் செய்தபோது வாசகர்களுக்கு எழுந்த கோபம் முற்றிலும் நியாயமானது.