யானை எப்போது இறங்க வேண்டும்?

புதுச்சேரி பாரதி பூங்காவில் நேற்று மாலை அக்கா மகளின் சதுரங்கப் போட்டி ஆட்டம் ஒன்றை அலசினோம். வெள்ளை ராஜா டி5 (எழுத்து நெடுக்கு வரிசை, எண் வெள்ளையின் பக்கமிருந்து எண்ணும் குறுக்கு வரிசை), சிப்பாய் இ5, யானை எச்7. அவளுடையது கறுப்பு: ராஜா இ8, யானை பி6. ஒரு சிப்பாய் குறைவு. பார்த்தவுடன் தோல்வி என்றே தோன்றும். ஆனால் அசைக்க முடியாத டிரா!

ஆறாவது வரிசையில் நிற்கும் யானை வெள்ளை ராஜாவை உள்ளே விடாது. வேறு வழியின்றிச் சிப்பாய் இ6க்கு ஏறும். அப்போதுதான் யானை பி1க்கு இறங்க வேண்டும். ராஜா டி6க்கு வந்து மேட் மிரட்டினால் டி1இலிருந்து செக். இ5க்குத் திரும்பினால் இ1இலிருந்து செக். ஒதுங்க இடமே இல்லை, ஒளிந்துகொள்ள வேண்டிய இ6 கட்டத்தில் சிப்பாயே போய் உட்கார்ந்துவிட்டது. யானை அவசரப்பட்டு முன்பே இறங்கினால் ராஜா அங்கே புகுந்துவிடும். பிறகு காப்பாற்றுவது பெரும்பாடு.

ஃபிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர் 1777இலேயே இதை எழுதிவைத்தார். அப்போது இந்த ஊரும் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது.

எங்கள் பெண் சரியான நேரத்தில் இறங்கினாள். அவ்வளவு பெருமை எனக்கு! தொடக்க நகர்வுகளையே மனப்பாடம் செய்யவைக்கும் பயிற்சியாளர்களே, தயவுசெய்து இதை முதலில் சொல்லிக்கொடுங்கள். எங்களுக்கு அடுத்த வாரம் லூசெனா நிலை, அதாவது ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பவர் வெல்லும் யானை ஆட்டம்.