பெட்டிக்குள் இருந்த வயர்

'வயர்லெஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த பெட்டியைப் பிரித்தேன். கைக்கு முதலில் வந்தது வயர்தான். மூன்று மீட்டர் வெள்ளை வயர், நுனியில் ஒரு அடாப்டர். திண்ணையில் உட்கார்ந்து விளக்குமாற்றுக்கு ஈர்க்கு சீவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"வயரே இல்லாத கேமரான்னு சொன்னியே அம்மிணி?"

படம்தான் காற்றில் போகும், கரண்ட் காற்றில் வராது என்று அம்மாவுக்கு விளக்கினேன். விளக்கும்போதுதான் எனக்கே அது சரியாக உறைத்தது. கேமரா வைக்க நினைத்த நான்கு இடங்களில் மூன்றில் பிளக் பாயிண்டே கிடையாது. இரண்டு வாரம் யூடியூப் பார்த்து மெகாபிக்சல் ஒப்பிட்டவள், சுவரில் பிளக் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

வீடு வேலந்தாவளத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கரண்ட் பில் மலையாளத்தில் வரும், பேச்சும் சீரும் சம்பந்தமும் கோயம்புத்தூர்ப் பக்கத்தில்தான். நான் கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அப்பா போனதிலிருந்து ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு, ஓட்டு வீடு, எழுபது மீட்டர் தள்ளிக் களமும், சாளை என்கிற தோட்டத்துக் கொட்டகையும்.

2025-இல் தேங்காய் விலை ஏறியதும் எங்கள் பக்கத்துத் தோப்புகளில் எல்லோருக்கும் தூக்கம் போயிற்று. எங்கள் களத்தில் குவித்திருந்த காய் இரண்டு தடவை குறைந்தது. முதல் தடவை நாமே தப்பாக எண்ணிவிட்டோம் என்றார் அம்மா. இரண்டாம் தடவை மோட்டார் ரூமிலிருந்து போர்வெல் வரைக்கும் போகும் வயரையும் வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். உள்ளே இருக்கும் செம்புக்குத்தான். தண்ணீர் பாயாமல் கிடந்த நான்கு நாளும் அம்மா போனில் சத்தமாகவே பேசவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பெங்களூரில் இருக்கும் அண்ணன் வயர் கேமராவே போடலாம் என்றான். கேமரா பொருத்துகிறவர் ஒருவர் வந்து அளந்தும் பார்த்தார். உண்மையைச் சொன்னால் வயர் கேமராதான் உறுதி. சிக்னல் விட்டுப்போகாது, பேட்டரி தீராது, எல்லாப் படமும் ஒரே பெட்டியில் பதிவாகும். கடைக்கோ ஆபீசுக்கோ என்றால் நான் அதைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று தள்ளியதற்குக் காரணம் இடி.

ஐப்பசி வந்தால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எங்கள் ஊரில் வானம் கறுக்கும். சித்திரையிலும் அப்படித்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரே இடியில் டிவி, மோடம் இரண்டும் போயின. இடி வீட்டின் மேல்தான் விழ வேண்டும் என்பதில்லை, பக்கத்துத் தென்னையில் விழுந்தாலும் போதும். நீளமாக ஓடுகிற செம்பு வயரில் அந்த நொடியில் ஒரு மின்வீச்சு பாய்ந்து இரண்டு நுனியிலும் மாட்டியிருப்பதைச் சுட்டுவிடும். வீட்டிலிருந்து களத்துக்கு எழுபது மீட்டர் வயர் இழுத்தால், களத்துக்குப் பக்கத்தில் விழும் இடியை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி. வயர்லெஸ் கேமராவுக்கும் அடாப்டர் வழியாக ஆபத்து உண்டு. ஆனால் போனால் அது ஒன்றுதான் போகும்.

சரி, வைஃபை கேமரா என்று முடிவானது. அடுத்த சண்டை சுவரோடு.

எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம், கல்லும் மண்ணும். மோடம் உள்ளறையில் டிவிக்குப் பக்கத்தில். ஆசாரம் என்கிற கூடத்தில் ஓடும் வைஃபை திண்ணைக்கு வரும்போது மூச்சு வாங்கும், கேட்டுக்குப் போனால் செத்துவிடும். அப்புறம் கேமராவை மோடத்துக்குப் பக்கத்தில் வைத்து இணைக்கப் பார்த்தாலும் சேரவே இல்லை. போன் திரையில் வரும் க்யூஆர் கோடு சதுரத்தைக் கேமராவுக்குக் காட்டு, காட்டு என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிஷம் காட்டினேன். காரணம் இதுதான்: மோடம் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் இரண்டு அலைகளையும் ஒரே பெயரில் விட்டுக்கொண்டிருந்தது, என் போன் 5-இல் இருந்தது. விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவை 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். மோடம் அமைப்புக்குள் போய் 2.4-க்குத் தனிப் பெயர் வைத்து, போனையும் அதில் மாற்றியதும் ஒரே நிமிஷத்தில் சேர்ந்துகொண்டது. 2.4 வேகத்தில் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டுவதில் அதுதான் கெட்டி. கேமராவுக்கு வேகம் பெரிதாக வேண்டாம், எட்டினால் போதும்.

வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை வாங்கிய பிறகு செய்தேன். போனை எடுத்துக்கொண்டு கேமரா வைக்கப்போகும் இடத்தில் நின்று, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் பத்து நிமிஷம் வீடியோ கால் பேசினேன். படம் நின்று நின்று வந்தால் கேமராவும் அங்கே அப்படித்தான் இருக்கும். கடைசியில் பழைய ரௌட்டர் ஒன்றைத் திண்ணைப் பக்கத்து ஜன்னலில் வைத்து, மோடத்திலிருந்து வீட்டுக்குள்ளேயே வயர் இழுத்து மாட்டினேன். வயரா என்று அம்மா மறுபடியும் சிரித்தார். மோடம், ரௌட்டர் இரண்டுக்கும் சின்ன யூபிஎஸ் ஒவ்வொன்று. கரண்ட் போன நேரத்தில் நெட்டும் போனால் கேமரா வைத்து என்ன பிரயோஜனம்?

களத்துக்கு வைஃபை எட்டாது. அங்கே சோலார் தகடும் சிம்மும் போடுகிற 4ஜி கேமரா. எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிம் வாங்கும் முன் எந்த நிறுவனத்தின் டவர் அந்த இடத்தில் நன்றாக எடுக்கிறது என்று அங்கேயே நின்று பாருங்கள். எங்கள் களத்தில் தெற்கு மூலையில் நின்றால் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், சாளை ஓரம் வந்தால் கேரளாவை. பேசுவதற்கு இது ஒன்றும் இல்லை. இரண்டு டவருக்கும் நடுவில் தத்தளிக்கும் கேமராதான் அடிக்கடி துண்டிக்கும். கேமராவை ஆறடி தள்ளி மாட்டினேன், சரியாயிற்று.

இந்த சோலார் கேமராவின் குணத்தைத் தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனது. அது இருபத்துநாலு மணி நேரமும் பதிவு செய்யாது. பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிக்கொண்டே இருக்கும். சூடான உடம்பு ஒன்று குறுக்கே நகர்ந்தால் உள்ளே இருக்கும் உணரி அதை எழுப்பும், அது கண் விழிக்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். அந்த ஒரு நொடியில் வந்தது பாதி தூரம் போய்விட்டிருக்கும். முதல் வாரம் எனக்கு வந்த வீடியோக்கள் முழுக்க மயில் தோகை. மயிலின் தலையை நான் பார்த்ததே இல்லை, எல்லாம் தோகை நுனி மட்டும். ஒரு ராத்திரி காட்டுப்பன்றியின் பின்புறம். ஆள் வந்தாலும் முதுகுதான் கிடைக்கும் என்று புரிந்ததும், நடந்து வரும் பாதைக்கு நேராக வைத்திருந்ததைத் திருப்பி, பாதையை வெகு தூரம் குறுக்காகப் பார்க்கும்படி வைத்தேன். அந்த உணரிக்கு நேராக வருவதைவிடக் குறுக்கே போவதுதான் சட்டென்று தெரியும். அப்படியும் சித்திரை வெயிலில் அதற்குக் கண் மங்கிப் போகிறது. பாலக்காட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது சுற்றுப்புறச் சூடும் மனித உடம்பின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறதே.

திண்ணையிலும் கேட்டிலும் இருக்கும் வைஃபை கேமராக்கள் வேறு மாதிரி. படத்தில் எது மாறினாலும் அசைவு என்று சொல்லும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஊரில் இது என்ன பாடு படுத்தும் என்று சொல்லவே வேண்டாம். ஆடி மாதம் ஒரே நாளில் முந்நூற்றுச் சொச்சம் எச்சரிக்கை, எல்லாம் தென்னை மட்டை. பட்டறையில் என் போன் அதிர்வதைப் பார்த்து மேனேஜர் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டுவிட்டார். ஆப்பில் மனித உருவத்துக்கு மட்டும் என்று மாற்றி, மட்டை ஆடும் மேல்பகுதியைக் கட்டம் போட்டு விலக்கிய பிறகு பத்துப் பன்னிரண்டாகக் குறைந்தது.

மாட்டுவது தனிக் கதை. மண்சுவரில் திருகாணி நிற்கவில்லை. தோப்பு வேலைக்கு வரும் ஒருவர் கூரைச் சட்டத்தில் பலகை ஒன்றை அடித்து அதில் பொருத்தினார். உயரம் ஒன்பதடி. இன்னும் மேலே போனால் உச்சந்தலைதான் தெரியும், கீழே இறக்கினால் கேமராவையே கழற்றிக்கொண்டு போவார்கள். முதல் நாள் ராத்திரி படம் முழுக்க வெள்ளைப் புகை. கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பக்கத்தில் இருந்த சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பி லென்சுக்குள் அடித்திருக்கிறது. ஒரு சாண் வெளியே தள்ளியதும் தெளிந்தது. அடுத்த வாரம் மறுபடி புகை, இந்தத் தடவை சிலந்தி. அந்த வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைப் பிடிக்க சிலந்தி லென்சுக்கு முன்னாலேயே வலை கட்டும். அதற்கு ஆப்பில் வைத்தியம் இல்லை. வாரம் ஒரு தடவை ஒட்டடைக் கம்பில் துணியைச் சுற்றி அம்மா துடைக்கிறார். கேமராவிலிருந்து பிளக்குக்கு வரும் வயரை வழியில் கொஞ்சம் தொங்கலாக விட்டிருக்கிறோம். மழைத்தண்ணீர் வயரோடு வழிந்தால் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. கேமரா ஐபி66 என்றால் மழை தாங்கும் என்பது சரிதான், அடாப்டர் தாங்காது என்பதை யாரும் பெட்டியில் எழுதுவதில்லை.

கணக்குக்காரி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் கேமரா நொடிக்கு 1.5 மெகாபிட் எழுதுகிறது. ஒரு நாளைக்கு 16 ஜிபி. 128 ஜிபி மெமரி கார்டு போட்டால் ஏழு நாள் நிற்கும், அப்புறம் பழையதை அழித்து மேலே எழுதும். ஏழு நாள் எங்களுக்குப் போதும். மாதச் சந்தா கட்டி கேமரா கம்பெனியின் சர்வரில் வைக்கச் சொல்லி ஆப் தினமும் கெஞ்சுகிறது, நான் கட்டவில்லை. 4ஜி கேமராவை நேரலையாக ஒரு மணி நேரம் பார்த்தால் 675 எம்பி போகும். முதல் மாதம் சும்மா இருக்கும்போதெல்லாம் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்து டேட்டாவைத் தீர்த்தது நான்தான், திருடன் இல்லை.

பாஸ்வேர்டை மறக்காமல் மாற்றினேன். 2016 அக்டோபரில் 'மிராய்' என்கிற நிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ஆயிரக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவில் ட்விட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் சில மணி நேரம் திணற வைத்தது. இந்தியாவிலும் 2025 ஏப்ரல் முதல் இணையக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்திருக்கிறது. அந்தச் சோதனையை நடத்தும் அரசு அமைப்பான எஸ்டிக்யூசியின் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நான் கேட்டபோது கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் தேடி எடுத்துக் காட்டினார்.

இனி நான்காவது கேமரா. அதை ஆசாரத்தில் வைத்தேன். அம்மா விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்ற பயம். மூன்றாம் நாள் படம் முழுக்கக் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. பழுது என்று நினைத்துப் போன் செய்தேன்.

"துண்டைப் போட்டு மூடிட்டேன் சாமி. என்னையே பார்த்துட்டு உக்காந்திருக்குது. சேலை மாத்த முடியல, காலை நீட்டிப் படுக்க முடியல."

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு எப்படீங்கம்மா தெரியும்?"

"பக்கத்து வீட்டு அத்தை காத்தால காப்பிக்கு வருவாங்கல்ல, அவங்க பார்த்துச் சொல்லுவாங்க."

நான் வாதாடவில்லை. அடுத்த ஞாயிறு பஸ் ஏறிப் போய் அதைக் கழற்றிப் பின்வாசலில் மாட்டினேன். மாட்டிய உடனே அந்த அத்தையே வந்துவிட்டார். அவர்கள் துவைக்கிற கல் படத்தில் தெரியுமா என்று கேட்டார். தெரிந்தது. அவர் கண் முன்னாலேயே ஆப்பில் அந்த மூலையைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்துக் காட்டினேன். நம்பிக்கை வராமல் தானே போய்க் கல்லருகில் நின்று, என் போனில் தன் உருவம் தெரிகிறதா என்று அம்மாவை விட்டுப் பார்க்கச் சொன்னார். தெரியவில்லை என்றதும்தான் காப்பி குடித்தார்.

திருடன் இதுவரை மாட்டவில்லை. காய் மறுபடி குறையவும் இல்லை. கேமராவுக்குப் பயந்தா, விலைக்கு ஏற்றபடி அவரவர் தோப்பில் அவரவர் காவல் இருப்பதாலா என்று என்னால் சொல்ல முடியாது.

இடிக்கு அம்மா வைத்திருக்கும் வைத்தியம் மட்டும் மாறவில்லை. வானம் லேசாக உறுமினால் போதும், வீடு முழுக்கச் சுற்றி எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். மோடம், ரௌட்டர், கேமரா, நான் வாங்கிக் கொடுத்த யூபிஎஸ் எல்லாம். என் போனில் வரிசையாக 'ஆஃப்லைன்' என்று மூன்று செய்தி வரும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது பட்டறையில் அந்த மூன்றும் வந்து விழுந்ததும் சிம் கேமராவைத் திறக்கிறேன். அது பிளக்கில் இல்லாததால் அம்மா கைக்கு எட்டுவதில்லை. களத்தில் மழை சாய்ந்து அடிக்கிறது. அம்மா தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்து, கொப்பரை மேல் தார்பாயை இழுத்து மூடி, நாலு மூலையிலும் கல் வைக்கிறார். வைத்துவிட்டுக் கேமராவைப் பார்த்து, உள்ளே போ, நனையாதே என்கிற மாதிரி கையை ஆட்டுகிறார்.