இரண்டு கிலோ கோப்பியும் பத்து லீற்றர் தண்ணீரும்

கோல்ட் புரூ என்றால் அடுப்புப் படாமல் இறக்குகிற கோப்பி. தூளை ஆறிய தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, வடித்து, குளிரவைத்துக் குடிப்பது. ஒரு போத்தல் அளவுக்கு யாரும் செய்துவிடலாம். வாளிக் கணக்கில் போடும்போதுதான் தண்ணீர், திரிப்பு, வடிப்பு, கரண்ட் எல்லாம் முன்னுக்கு வந்து நிற்கும். கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் அக்காவின் மகளுடைய சாமத்தியவீட்டுக்காகப் பெரிய அளவில் தொடங்கினோம். பிறகு வெயில் காலம் முழுக்க விடவேயில்லை. வன்னியில் இருக்கிற ஒருவர் வாசித்துவிட்டு அப்படியே செய்யக்கூடியதாக எழுதப் பார்க்கிறேன்.

கொட்டை மாத்தளைப் பக்கத்திலிருந்து வருகிறது. அம்மாவின் ஆட்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு இங்கே வந்து குடியேறியவர்கள். அங்கேயே நின்றுவிட்ட மாமா வீட்டு வேலியோரம் இன்றைக்கும் கோப்பிச் செடி நிற்கிறது. கண்டியில் தொடங்குகிற ஏ9 வீதி மாத்தளை, தம்புள்ளை, வவுனியா என்று எங்கள் பக்கத்தால்தான் யாழ்ப்பாணம் போகிறது. காலமை பஸ்ஸில் ஏற்றிவிட்டால் பின்னேரத்துக்குள் பை கைக்கு வந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் இதே கோப்பித் தோட்டங்களில் வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்த சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் மாத்தளைவரை நடந்தது. தண்ணீர் இல்லாமலும் கொலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் வந்தது. அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. கொட்டைப் பையைப் பிரிக்கும்போதெல்லாம் அம்மா இதைச் சொல்வார். சொல்லத்தான் வேண்டும் என்று நானும் நினைக்கிறேன்.

பச்சைக் கொட்டை வறுபடும்போது ஆறில் ஒரு பங்களவு எடை குறையும். இரண்டு கிலோ வேண்டுமென்றால் இரண்டரைக் கிலோ போல எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தாச்சியில் அரைக்கிலோ அரைக்கிலோவாக, கை விடாமல் கிளறி, வெளியில் விறகடுப்பில் வறுக்கிறோம். கொட்டை ஒருமுறை படபடவென்று வெடித்து ஓயும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் விட்டு, எண்ணெய் மினுங்கத் தொடங்குமுன்னம் இறக்கிவிட வேண்டும். அடுப்பில் காய்ச்சும் கோப்பிக்குக் கரிய வறுத்தால் ஒரு ருசி இருக்கிறது. குளிர் தண்ணீரில் ஊறும் கோப்பிக்கு அது புகை மணத்தை மட்டும்தான் தரும். சுளகில் போட்டுப் புடைத்து உமியை ஊதிவிட்டு, இரண்டு மூன்று நாள் மூடிவையுங்கள். புதிதாய் வறுத்த கொட்டையிலிருந்து காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். உடனே திரித்து ஊறவைத்தால் தூள் நுரைத்து மேலேயே மிதக்கும், தண்ணீர் சரியாக உள்ளே இறங்காது.

திரிப்பதற்கு நாங்கள் போவது மா அரைக்கிற மில்லுக்கு. மிளகாய் திரித்த கல்லில் கோப்பியைப் போட்டால் அத்தனையும் வீண். அதனால் அரிசிமா அரைத்து முடியும் நேரம் கேட்டுத்தான் போவேன்.

“அண்ணை, தூளாக்காதேங்கோ. குறுணலா விடுங்கோ.”

“குறுணல் கோப்பியோ? எங்களுக்கென்ன, நீங்கள் சொல்லுறபடி விடுறன் தங்கச்சி.”

குறுணல் என்பது இங்கே முக்கியமான விசயம். கடைப் பைக்கற்றில் வரும் மா போன்ற தூள், கொதிநீர் ஊற்றி உடனே குடிப்பதற்கானது. அதைப் பன்னிரண்டு மணித்தியாலம் ஊறவைத்தால் கைப்பு ஏறும், வடிக்கும்போது துணியை அடைத்துக்கொள்ளும். மில்லில் எவ்வளவு சொன்னாலும் கொஞ்சம் நுண்தூள் விழத்தான் செய்யும். வீட்டுக்கு வந்ததும் அரிதட்டில் அரித்து அதைத் தனியே எடுத்துவிடுவேன். அந்தத் தூளில் வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்து வைத்தால் தடிமன் காய்ச்சலுக்கு நல்ல சுடுகோப்பி.

அடுத்தது தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரில் இருக்கிற காரம் கோப்பியின் மெல்லிய புளிப்பைக் கொன்றுவிடும், குடித்தால் சப்பென்று இருக்கும். சரி, ஆர்ஓ தண்ணீர், அதாவது மெசினில் வடிகட்டி உப்பெடுத்த தண்ணீர், மட்டும் பாவித்தால் என்ன? அதில் உப்புச் சத்தே இல்லாததால் கோப்பி மெலிந்து போகிறது. நான் மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீரும் ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீரும் கலக்கிறேன். என் நாக்குக்கு அதுதான் சரி. உங்கள் கிணறு வேறாக இருந்தால் அளவும் மாறும். எந்தத் தண்ணீரென்றாலும் கொதிக்கவைத்து, மூடியபடி ஆறவிட்ட பிறகுதான் பாவிக்க வேண்டும். இந்தக் கோப்பி பிறகு அடுப்பே காணாது. தண்ணீரிலோ வாளியிலோ அகப்பையிலோ ஒரு கிருமி இருந்தால் அதைக் கொல்ல ஒன்றுமில்லை. வாளி, மூடி, துணி, போத்தல் எல்லாவற்றுக்கும் கொதிநீர் காட்டுங்கள்.

இரண்டு கிலோ தூளுக்குப் பத்து லீற்றர் தண்ணீர். இருபது லீற்றர் கொள்ளும் எவர்சில்வர் வாளி போதும். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, நீள அகப்பையால் ஒருமுறை கிளறி, கொஞ்ச நேரம் விட்டு மீதியை ஊற்றுங்கள். அதற்குமேல் கிளறத் தேவையில்லை. குளிர்ந்த ஊர்க்காரர் பதினெட்டு மணித்தியாலம்கூட வெளியில் ஊறவிடுவார்கள். சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டுக்குள் இரவிலும் புழுக்கம் குறையாது, அந்தச் சூட்டில் சாறு கெதியாக இறங்கும். இரவு எட்டு மணிக்குப் போட்டு விடிய ஆறு மணிக்கு வடித்துவிடுகிறேன். மார்கழியில் பன்னிரண்டு மணித்தியாலம். வாளியைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டி, காற்றுப் படுகிற திண்ணையில் வைப்பேன். பிரிட்ஜில் வாளிக்கு இடமுள்ளவர்கள் அங்கேயே வைப்பதுதான் இன்னும் பாதுகாப்பு. அப்படியென்றால் இருபது மணித்தியாலம் விடுங்கள்.

வடிப்புக்கு நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். பெரிய அளவில் முழு வேலையும் இதில்தான் கிடக்கிறது. வாளியை அப்படியே துணியில் கவிழ்த்தால் தூள் அடைந்து, மத்தியானம்வரை சொட்டுச் சொட்டாக விழும். விடிய வாளியை ஆட்டாமல் திறந்தால் தூளில் பெரும்பகுதி அடியில் படிந்திருக்கும். மேலே தெளிந்து நிற்பதைச் சின்னச் சட்டியால் மெதுவாக மொண்டு, முதலில் அரிதட்டு, பிறகு துணி என்று இரண்டு தரம் விடுங்கள். துணிக்கு நாங்கள் எடுப்பது புது வேட்டித் துண்டு. கஞ்சி போக இரண்டு தரம் அவித்து, சவர்க்காரம் போடாமல் கழுவியது. சவர்க்கார மணம் கோப்பியில் உடனே ஏறிவிடும். பாதிக்குமேல் இப்படியே வேகமாக வடிந்துவிடும். கடைசியாகத்தான் அடித்தூளைத் துணியில் அள்ளிப் பொட்டலமாகக் கட்டி, கூரை வளையில் தொங்கவிட்டுக் கீழே பானையை வைக்க வேண்டும். அம்மாவுக்குக் கை துருதுருக்கும், தேங்காய்ப்பால் பிழிந்து பழகிய கை. “பிழியாதேங்கோ அம்மா” என்று நான் பக்கத்தில் நிற்பேன். பிழிந்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் கலங்கலும் கைப்பும் சேர்ந்து வந்து, நல்லதாக வடிந்ததையும் கெடுக்கும்.

தூள் தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஊற்றிய பத்து லீற்றரில் ஆறு லீற்றர் போலத்தான் கையில் வரும். ஒன்றரை லீற்றர் கண்ணாடிப் போத்தல் நாலு என்றால் பிரிட்ஜின் ஒரு தட்டு. சாறு கடுப்பாக இருக்கும், அப்படியே குடிப்பதற்கல்ல. ஆறு லீற்றருக்கு ஒன்பது லீற்றர் தண்ணீரோ காய்ச்சிக் குளிரவைத்த பாலோ சேர்த்தால் பதினைந்து லீற்றர், 150 மில்லிலீற்றர்க் கோப்பையில் நூறு பேருக்குப் போகும். சாமத்தியவீட்டுக்கு இந்தக் கணக்கில்தான் போட்டோம்.

குளிரில் சீனி லேசில் கரையாது. பனங்கட்டியைக் கொஞ்சத் தண்ணீரில் காய்ச்சி வடித்துப் பாகாக வைத்திருங்கள். இந்தக் கோப்பிக்குப் பனங்கட்டி அவ்வளவு பொருத்தம், சீனிப்பாகில் அந்தச் சுவை கிடைக்காது. பாலும் பாகும் பரிமாறும்போதுதான் சேர்க்க வேண்டும், போத்தலுக்குள் முன்கூட்டியே ஊற்றக் கூடாது.

வைத்திருப்பதில் கவனம் மிக மிகத் தேவை. தோடம்பழச் சாறு போலப் புளிப்பு இதில் இல்லை, அதனால் கிருமி வளர்வதைத் தடுக்கும் சக்தியும் இல்லை. போத்தலை இறுக்கி மூடிச் சூட்டில் வைத்தால், மணத்திலும் ருசியிலும் ஒன்றும் தெரியாமலே நஞ்சாகக்கூடும். வடித்த உடனே பிரிட்ஜுக்குள் போக வேண்டும், ஒரு கிழமைக்குள் முடிக்க வேண்டும். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும். 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தை நாங்கள் மறக்கவில்லை, அதனால் வீட்டில் ரெஜிபோம் பெட்டி எப்போதும் இருக்கிறது. முல்லைத்தீவில் மீனுக்குப் போடும் ஐஸ்கட்டி வாங்கி, போத்தல்களைச் சுற்றி அடுக்கிவிடலாம். விழா நாளிலும் அப்படித்தான் வைத்தோம். அந்த ஐஸைக் கோப்பைக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள். குடிக்கிற ஐஸ் கொதித்தாறிய தண்ணீரில் வீட்டில் உறைய வைத்ததாக இருக்க வேண்டும்.

எஞ்சிய தூள் கறிவேப்பிலை மரத்தடிக்கு.

குளிர்ந்து, கைப்பில்லாமல் இருப்பதால் இரண்டு மூன்று கோப்பை தெரியாமலே உள்ளே போய்விடும். சாறில் கஃபீன் நிறைய இருக்கிறது. பிரசர் உள்ளவர்கள், பிள்ளைத்தாச்சிகள் அளவோடு நிறுத்த வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். “ஆறின கோப்பியை ஆர் குடிக்கிறது?” என்று முதலில் கேட்ட அம்மா இப்போது காலமை பத்து மணிக்கு அரைக் கோப்பை, பால் விடாமல், பனங்கட்டிப் பாகு ஒரு கரண்டி விட்டுக் குடிக்கிறார். பின்னேரம் கேட்டால் நான் கொடுப்பதில்லை, இரவு நித்திரை வராது.