நிலப் பயன்பாடு, போக்குவரத்து, கார்பன்: ஒரே சட்டத்தைப் பிடித்துப் படித்த அனுபவம்

எம்.பிளான் (நகரத் திட்டமிடல் முதுகலை) படிப்பவர்களில் பலர் இந்தப் பாடத்தைப் பலன்களின் பட்டியலாகத்தான் படிக்கிறார்கள்: நெருக்கமான நகரம், நல்ல பேருந்து, நடைபாதை, குறைந்த கார்பன். வாய்மொழித் தேர்வான வைவாவில் "சரி, எப்படிக் குறையும்?" என்று கேட்டால் அந்தப் பட்டியல் கைகொடுக்காது. எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு சட்டத்தை எடுத்து, அது நடைமுறையில் என்ன ஆனது என்பதுவரை படித்ததுதான். அது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டமான எஸ்.பி. 375 (எஸ்.பி. என்றால் செனட் மசோதா).

2008-ல் வந்த இந்தச் சட்டப்படி, அங்குள்ள 18 பெருநகரத் திட்ட அமைப்புகளுக்கும் (பல நகராட்சிகள் சேர்ந்த ஒரு வட்டாரத்துக்கே திட்டம் எழுதுபவை) காற்று மாசைக் கட்டுப்படுத்தும் மாநிலக் காற்று வாரியம் இலக்கு வைக்கிறது. கார்களும் சிறு லாரிகளும் வெளியிடும் கார்பனைத் தலைக்கு இவ்வளவு குறைக்க வேண்டும், ஒப்பீட்டு ஆண்டு 2005. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துக்கு 2035-க்குள் 13 சதவீதம் என்றிருந்த இலக்கை 2018-ல் 19 ஆக உயர்த்தினார்கள். விடைத்தாளில் பலர் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. நல்ல மைலேஜ், சுத்தமான எரிபொருள் ஆகியவற்றால் குறைவது இந்தக் கணக்கில் சேராது. வீடு, வேலை, கடை எல்லாம் எங்கே அமைகின்றன, மக்கள் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார்கள் என்பதால் குறைவது மட்டுமே சேரும்.

அந்தத் தொடர்பைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. புறநகர்க் குடும்பம் ஒன்று நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓட்டுகிறது, வண்டி லிட்டருக்கு 15 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 9.2 கிலோ. அதே குடும்பம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து 30 கிலோமீட்டர் ஓட்டினால் 4.6. வண்டியும் எரிபொருளும் அதேதான், மாறியது முகவரி மட்டுமே.

அப்புறம்தான் அதிகாரம் யார் கையில் என்ற கேள்வி வருகிறது. என்னைக் கேட்டால் பாடத்தின் உயிரே இதுதான். வட்டாரத் திட்டத்தைப் பெருநகர அமைப்பு எழுதுகிறது. ஆனால் எந்த இடத்தில் எத்தனை மாடி என்பதை நகராட்சிகள் தீர்மானிக்கின்றன. நகராட்சியின் திட்டம் வட்டாரத் திட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 2018-ல் காற்று வாரியமே, தலைக்கு ஓட்டும் தூரம் கூடிக்கொண்டிருக்கிறது, இலக்கை எட்டும் பாதையில் நாம் இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. இதைத் தோல்விக் கதை என்று ஒதுக்காதீர்கள். விடையில் ஆழம் வருவது இங்கேதான்.

இதோடு அதே மாநிலத்தின் எஸ்.பி. 743-ஐயும் சேர்த்துப் படியுங்கள். அதற்கு முன்பு ஒரு கட்டடத்தின் போக்குவரத்துப் பாதிப்பைச் சந்திப்புகளில் ஏற்படும் தாமதத்தை வைத்து அளந்தார்கள். நகர மையத்தில் அடுக்குமாடி கட்டினால் ஏற்கெனவே நெரிசலான சந்திப்பு இன்னும் மோசமாகும் என்று கணக்கு காட்டும். வயல்வெளியில் மனை போட்டால் அங்கே நெரிசலே இல்லை, எனவே பாதிப்பும் இல்லை! பரிகாரமாகச் சாலையை அகலப்படுத்தினால் வண்டிகள் இன்னும் கூடும். 2013-ல் வந்த இந்தச் சட்டம் அளவுகோலையே மாற்றியது. 2020 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் ஓட்டும் தூரமே அளவு.

சென்னைக்குப் பொருத்தி எழுதச் சொன்னால் அதே அதிகாரக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். நகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டம் சி.எம்.டி.ஏ.விடம் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மாநகரப் பேருந்து எம்.டி.சி.யிடம் (மாநகரப் போக்குவரத்துக் கழகம்), மெட்ரோ தனி நிறுவனத்திடம், இவற்றை ஒருங்கிணைக்கக் கும்டா என்ற போக்குவரத்துக் குழுமம். ஒரு மெட்ரோ நிலையத்தைச் சுற்றி 800 மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் என்ன கட்ட அனுமதி, பார்க்கிங் எவ்வளவு கட்டாயம், நடந்து போக வழி இருக்கிறதா என்று வரைபடத்தில் குறித்துக் காட்டினால் இரண்டு பக்க விளக்கம் எழுதும் வேலை மிச்சம்.