நட்சத்திரத்துக்கும் தண்டலா?

2022-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காக நான் தண்டல் வாங்கினேன். எழுதிக்கொண்டது 10,000 ரூபாய். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 8,500. மறுநாளிலிருந்து நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும் என்பது பேச்சு. ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். எந்தப் படகுக்கு எத்தனை கட்டி போயிற்று, யார் எவ்வளவு பாக்கி என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் 8,500 ரூபாய்க்கு 1,500 ரூபாய் வட்டி என்பது எவ்வளவு பெரிய வட்டி என்று அன்றைக்கு நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. தினமும் அசல் குறைந்துகொண்டே போவதால் சராசரியாகப் பாதிப் பணம்தான் நம் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அது ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபது ரூபாயைத் தாண்டுகிற வட்டி. போட்டுப் பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்திருந்ததால்தான் போட்டுப் பார்க்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தப் பணத்தில் ஐந்தடி பிளாஸ்டிக் மரம் 2,400, நட்சத்திரம் இரண்டு 700, சீரியல் செட் ஆறு 900, இயேசு பிறந்த தொழுவமாக வைக்கிற குடிலுக்குப் புதுச் சுரூபங்கள் (சிலைகள்) 1,800, ஜிகினாத் தாள், பலூன் வகையறா 400 என்று 6,200 ரூபாய் அலங்காரத்துக்கே போயிற்று. மிச்சத்தில் கேக்கும் மகளுக்கு ஒரு சட்டையும் வாங்கினோம். கடைசித் தவணையைக் கட்டியது மார்ச் 20-ஆம் தேதி. அதாவது கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்குப் பணம் கட்டி முடித்தபோது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது.

அதற்குள் அலங்காரத்தின் கதையும் முடிந்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து வடகடல் கூப்பிடு தூரம். வாடைக்காற்று கொண்டுவரும் உப்பு, ஜன்னல் கம்பியையே பொரிப்பொரியாக உரிக்கிற ஊர் இது. பிளாஸ்டிக் மரத்தின் இரும்புக் கால் பொங்கலுக்குள் துருவேறி, சிமெண்டுத் தரையில் வட்டமாகக் காவிக் கறை விட்டிருந்தது. அந்தக் கறை இன்னும் இருக்கிறது. ஆறு சீரியல் செட்டுகளில் நான்கு, ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்துச் செத்துப்போயின. வெளியூர்க் கடையில் வாங்குகிற எதுவும் உப்புக் காற்றை நினைத்துச் செய்யப்பட்டதில்லை என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததா என்ன?

ஆனால் துருவையோ வட்டியையோ விட, அந்த நூறு நாளில் எனக்கு மறக்காமல் நிற்பது ஒரு மாலைதான். டிசம்பர் 20-ஐ ஒட்டிய ஒரு நாள். புயல் எச்சரிக்கையால் படகுகள் கரையில் கட்டிக்கிடந்தன. என் கணவருக்கு ஒரு வாரமாக வரும்படி இல்லை. தண்டல்காரர் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டதும் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அப்போது எட்டு வயதான என் மகள், நான் சொல்லிக்கொடுக்காமலே வாசலுக்குப் போய், "அம்மா குளிக்கிறாங்க அண்ணே, நாளைக்குச் சேர்த்துத் தருவாங்களாம்" என்றாள். அவள் தலைக்கு மேலே 350 ரூபாய் நட்சத்திரம் சிவப்பும் பச்சையுமாக மினுங்கிக்கொண்டிருந்தது. பின்வாசல் திண்ணையில் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த என் மாமியார் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஏத்தா, நட்சத்திரத்துக்கும் தண்டலா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் அதற்குப் பிறகு ஒருமுறையும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன்.

பணத்தைப் பற்றிய என் பயம் எங்கிருந்து வருகிறது என்று அந்த ஜனவரியில்தான் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் வீட்டுக்குப் பணம் மாதத்துக்கு ஒருமுறை வருவதில்லை. விசைப்படகுகள் இங்கே வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதில்தான் பங்கு. இறால் பட்டால் ஒரே நாளில் இரண்டாயிரம் வரும். படாவிட்டால் குழம்புக்கு மீன் மட்டும் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயல் கூண்டும். இடையில் இலங்கைக் கடற்படை எங்கள் ஆட்களைக் கடலில் பிடித்துக்கொண்டு போவதும் அதற்கு எதிரான வேலைநிறுத்தங்களும். பணம் வந்த நாளில் இனி வந்துகொண்டேதான் இருக்கும் என்று நினைத்துச் செலவழிப்போம். வராத நாளில் இனி வரவே வராது என்று நினைத்துக் கடன் வாங்குவோம். இந்த இரண்டு மனநிலைக்கும் நடுவில் நின்று எண்ணிப் பார்த்ததே கிடையாது. கிறிஸ்துமஸ் எப்போதும் இரண்டாவது மனநிலையில்தான் வந்து சேர்கிறது. டிசம்பர் இந்தக் கரையில் கைவறண்ட மாதம்.

சம்பளத்தில் மாதம் இத்தனை சதவீதம் சேமியுங்கள் என்று சொல்கிறவர்களின் கணக்கு எங்களுக்குப் பொருந்தாததற்குக் காரணமும் இதுதான். எங்கள் வரும்படியின் போக்கைப் புரிந்துகொண்ட ஒரு திட்டத்தை நான் பார்த்ததுண்டு. மீனவ மகளிருக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில், கடல் கொடுக்கிற மாதங்களில் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் கட்டினால், அரசு 3,000 சேர்த்து 4,500 ரூபாயாக, மீன்பாடு குறைந்த மாதங்களுக்கென்று திருப்பித் தருகிறார்கள். என் மாமியார் அதில் பல ஆண்டுகளாக இருக்கிறார். எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் யாரிடமும் கைநீட்டாத ஒரே ஆள் அவர்தான் என்பதை, ஐஸ் கம்பெனிக் கணக்கில் புலியாகிய நான் கவனிக்கவே இல்லை.

எனவே நானும் மாதத்தை விட்டுவிட்டு நாளைப் பிடித்துக்கொண்டேன். 2023-இல் தடைக்காலம் முடிந்த ஜூன் 15-லிருந்து, கணவர் கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளுக்கும், பாடு நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், 50 ரூபாய் ஒரு பால்மாவு டப்பாவில் போட்டேன். கடலுக்குப் போகாத நாளுக்கு எதுவும் கிடையாது. அதற்காகக் குற்றவுணர்வும் கிடையாது. டப்பாவின் மூடியில் மகள் கோடு கிழித்துக்கொண்டு வந்தாள். நவம்பர் கடைசியில் எண்ணியபோது 51 கோடுகள், 2,550 ரூபாய். பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பணத்தை எண்ணும்போது எனக்கு நெஞ்சு படபடக்கவில்லை. எவ்வளவு இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு அலங்காரத்துக்கென்று 400 ரூபாய் மட்டும் எடுத்தேன். இனி எழுதப்போவது அந்த 400 ரூபாய் எப்படிப் போயிற்று, எங்கே கோட்டை விட்டேன் என்பது.

நட்சத்திரத்தை வீட்டிலேயே கட்டினோம். பனைமட்டையைக் கீறிச் சீவியெடுத்த பத்துச் சிம்புகள் போதும். ஐந்து சிம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னி ஒரு நட்சத்திரம், இன்னொரு ஐந்தில் அதே அளவில் மற்றொன்று. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து ஐந்து முனைகளிலும் நூலால் இறுக்கிவிட்டு, நடுவில் சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் விரல் நீளக் குச்சிகளைச் செருகினால் வயிறு உப்பிக்கொண்டு நட்சத்திரம் எழுந்து நிற்கும். அந்தக் குச்சி செருகும் நொடிதான் இந்த வேலையிலேயே அழகானது. தட்டையாகக் கிடந்த ஒன்று சட்டென்று மூச்சு வாங்கியதைப் போல இருக்கும். பட்டத் தாளை மைதாப் பசையால் ஒட்டினோம். ஈரக்காற்றில் பசை பூசணம் பிடித்து எறும்பு ஏறாமலிருக்கச் சிட்டிகை மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அது விஷம் என்பதால், போடுகிறவர்கள் பிள்ளைகளைப் பசையில் கைவைக்க விடக் கூடாது. நட்சத்திரத்தை மாடி முனையில் தொங்கவிட ஆசைதான். மழைக்குத் தாள் தாங்காது என்பதால் தாழ்வாரத்துக்குள் கட்டினோம்.

உள்ளே 40 வாட் குண்டு பல்பு போட்டால் தாள் கருகும். 5 வாட் எல்.இ.டி. பல்பு சூடாகாது, செலவும் குறைவு: இரவுக்கு 12 மணி நேரம் வீதம் 30 நாள் எரிந்தாலும் இரண்டு யூனிட்டைத் தொடாது, குண்டு பல்பு 14 யூனிட்டைத் தாண்டிவிடும். வீட்டு மின்சாரத்தில் அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், அந்த எல்லையை ஒட்டி ஓட்டிய எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியதாக இருந்தது.

மரத்துக்குச் சவுக்கு. சவுக்கு வெட்டி விற்கிறவரிடம் கழித்துப்போட்ட நுனிக்கிளை ஒன்றைக் கேட்டு வாங்கினோம். அரசாங்கத் தோப்பில் போய் ஒடிக்கிற வேலை வேண்டாம். பழைய பெயிண்ட் வாளியில் மணல் நிரப்பி நட்டால் நிற்கும். பத்து நாளில் பழுத்துக் கொட்டும் என்பதால் 20-ஆம் தேதிக்கு முன்பு கொண்டுவரக் கூடாது. தொங்கவிடுவதற்குக் கணவர் பழைய வலையிலிருந்து அறுத்தெடுத்த மிதவைகளைத் தந்தார். சிவப்பும் பொன்னிறமும் அடித்துக் காயவைத்தோம். வெயிலில் வெடித்து, உப்பேறி, கடலில் கிடந்தே பழகிய பொருள் என்பதால் வாடைக்காற்று அதை ஒன்றும் செய்வதில்லை. கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகளைச் சிலர் குடிலில் வைக்கிறார்கள். வன உயிரினச் சட்டம் காக்கிற பட்டியலில் பவளம் இருக்கிறது, செத்த துண்டானாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

குடிலில்தான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் முதன்முதலில் குடில் அமைத்தபோது, அங்கே இருந்தவை வைக்கோல் போட்ட தீவனத் தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும்தான். 1,800 ரூபாய்ச் சுரூபம் எதுவும் இல்லை. எங்கள் தீவில் வயல் இல்லாததால் வைக்கோலுக்குப் பதிலாகப் பனையோலையைக் கிழித்துக் கூரை வேய்ந்தோம். மரங்களுக்கு உடைமரத்துக் கொப்புகளைச் செருகினோம். குடை விரித்ததைப் போலத் தட்டையாகப் படர்கிற அந்த மரத்தின் சிறு கொப்பை மணலில் நட்டால், அப்படியே ஒரு முழு மரத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பது போலிருக்கும். என் அம்மா வீட்டிலிருந்து வந்த ஆட்டுக்குட்டிக்குக் கால் ஒடிந்திருந்தது. பெவிக்விக் வைத்து ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் படுக்கவைத்தாயிற்று. பாலன் சுரூபம் மட்டும் 24-ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்வரும் வரை அரிசிப் பானைக்குள் இருப்பார். வெளியே எடுப்பது மகளின் உரிமை.

கோட்டை விட்டது புல்லில். கேழ்வரகை ஊறவைத்துத் தட்டில் தூவினால் எட்டு ஒன்பது நாளில் பச்சைப் பட்டாக எழும்பும். சின்ன வயதில் எல்லார் வீட்டிலும் பார்த்ததுதான். டிசம்பர் 15-ஆம் தேதி தூவினேன். காலை மாலை தண்ணீர் தெளித்தேன். ஐந்து நாளாகியும் ஒரு முளைகூட இல்லை. விதை பழையது என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். நான் அள்ளிவந்தது கடற்கரை மணல். உப்பில் எது முளைக்கும்? அந்த ஆண்டு குடிலில் புல் இல்லை. மகள் பச்சைத் தாளைக் கத்தரித்துப் பரப்பினாள்.

என் வீட்டைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னார்களா என்றால், சொன்னார்கள். கேரல் பாட வந்த இளைஞர்களில் ஒருவர், "அக்கா, போன வருசம் மரம் பெருசா இருந்துச்சே?" என்று கேட்டார். முகம் சுண்டத்தான் செய்தது. ஆனால் கேட்டவர் பதிலுக்குக்கூட நிற்கவில்லை, அடுத்த வீட்டுக்கு டிரம்மோடு ஓடிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர்ப்பதற்காகவா நான் முந்திய ஆண்டு நூறு நாள் கட்டினேன் என்று வாசலில் நின்றபடி சிரிப்பு வந்தது. கணவரோடு இதற்காக ஒரு சண்டையும் நடந்தது. பிள்ளைக்காகவாவது மினுக்கு விளக்கு வாங்கியிருக்கலாம் என்பது அவர் கட்சி. தப்பிப் பிழைத்த இரண்டு செட்டை ஜன்னலில் போட்டுச் சமாதானமானோம்.

இந்த ஆண்டு, 2024-இல், வேலைநிறுத்தமும் மழையும் கூடுதல். நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாகக் கொட்டிய மழையில் எங்கள் வீட்டுக்குள்ளும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பரணில் இருந்ததால் மிதவைகளும் சுரூபங்களும் தப்பின. நட்சத்திரத்தின் தாள் நமுத்துப் பிய்ந்துவிட்டது, சிம்புக்கூடு அப்படியே இருக்கிறது. டப்பாவில் 44 கோடுகள், 2,200 ரூபாய். அலங்காரத்துக்கு இந்த முறை தாளும் பசையும் கேழ்வரகும் மட்டும் என்பதால் 100 ரூபாய் தாண்டாது. மீதியில் பாதி தரையைச் சரிசெய்யப் போகும். போன வாரம் தண்டல்காரர் எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும் கால்கள் தாமாக அடுப்படிப் பக்கம் திரும்பின. பிறகு நினைவு வந்து நின்றுகொண்டேன். அவர் எங்கள் வாசலைக் கடந்து போனார்.

நாளை 15-ஆம் தேதி, திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. கேழ்வரகை இன்று இரவே ஊறப்போட வேண்டும். கிணற்றடியிலிருந்து மகள் ஒரு தட்டு மண் அள்ளி வைத்திருக்கிறாள். நான் கேட்பதற்கு முன்பே, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.